அக்காவும் தம்பியும் எழுத்துரு தேர்ந்த படலம்

வாழ்க அரைப்புள்ளி! விசைப்பலகை அதிர வருவோன், கணினி நிரலில் ஒளிந்த பிழைகளை வேரோடு பிடுங்குவோன், வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைக்க மறந்து ஒரு முழுநாளைப் பறிகொடுத்ததால் அப்பெயரையே விருதாகச் சூடிய பெருந்தகை, வாழ்க! அவனோடு ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே அறையில் எதிர்மேசையில் அமர்ந்து, கணினித் திரைகளுக்கு வண்ணமும் வடிவமும் வகுத்து, இடைவெளி மயிரிழை பிசகினாலும் புருவம் நெரிக்கும் அவன் அக்காவும் வாழ்க! இவ்விருவரும் ஒரு முற்பகலில் பொருத பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பீராக.

போருக்குக் காரணம் பல். ஊரார் வாயையெல்லாம் தம் ஆணைக்குத் திறக்கவைக்கும் பல் டாக்டர் ஒருவர், காத்திருப்போரை, எழுத்தும் எண்ணும் கலந்த சீட்டு எண் காட்டி அழைக்கும் திரையொன்று வேண்டி இவர்களை நாடியிருந்தார். அவருடைய பழைய திரையில் பூஜ்யமும் ஆங்கில ஓவும் இரட்டைப் பிள்ளைகள்போல் உருவொத்து நின்றமையால், பல் சுத்தம் செய்ய வந்த ஒருவர் பல் பிடுங்கும் நாற்காலியில் ஏற்றப்பட்டு, ஊசி வாயை நெருங்கிய கணத்தில் கழுத்துத் துண்டோடு தெருவில் ஓடிய வீரவரலாறு அங்கே உண்டு. புதிய திரையை அன்று நண்பகலில் பார்க்க டாக்டர் நேரிலேயே வருகிறார். பிடிக்காவிட்டால், சும்மாவே செய்து தருகிறேன் என்று அவருடைய மச்சினர் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். வேலை அனைத்தும் முடிந்தது. எழுத்துகளுக்கு உருவம் தரும் எழுத்துரு ஒன்றே மிச்சம்.

"திரைக்கும் சீட்டுக்கும் வாசல் போர்டுக்கும் ஒரே எழுத்துருதான்!" என்று அக்கா முழங்கினாள். "காசும் குடுக்கக் கூடாது, திருடவும் கூடாது. யார் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு திறந்து வெச்சிருக்காங்க இல்ல, அந்த மாதிரி திறமூல எழுத்துருவா இருக்கணும். பார்த்தா அழகா இருக்கணும்."

"அழகு கிடக்கட்டும்க்கா. பூஜ்யம் பூஜ்யமா தெரியணும்!" என்று அரைப்புள்ளி சங்கம் ஊதினான்.

மூண்டது போர். முகமறியாக் கொடையாளர் பலர் இரவுபகல் இழைத்து உலகுக்கே வாரி வழங்கிய எழுத்துருக்கள், தடித்தனவும் மெலிந்தனவும் சாய்ந்தனவுமாய், கடல் பொங்கினாற்போல் கணினிக்குள் வந்திறங்கின. முதலில் புகுந்தது தம்பியின் படை. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் காலாட்படையென நிமிர்ந்து நிற்க, பூஜ்யத்தின் மார்பில் குறுக்கே பாய்ந்த ஈட்டியொன்று மின்ன, சிறுகோடும் கூர்முனைக் குறியும் அடுத்தடுத்து விழுந்தால் ஒன்றாய் உருகி அம்பாகிப் பறக்கும் அதன் மாயம் கண்டு, அரைப்புள்ளி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுழன்றான்.

"பல் ஆஸ்பத்திரில அம்பு எதுக்குடா?" என்றாள் அக்கா. "அந்தப் பூஜ்யத்தைப் பாரு, வண்டி நிறுத்தாதேன்னு போர்டு வெச்ச மாதிரி இருக்கு."

அடுத்துப் புகுந்தது அவள் படை. நூலிடை நுடங்க, ழகரத்தின் வாலைத் தோகையென விரித்து ஓர் எழுத்துரு நடந்துவந்த பேரெழிலில் மின்விசிறியும் ஒருகணம் தயங்கியது. தம்பி அமைதியாக ஒன்று என்னும் எண்ணையும், ஆங்கிலத்தின் சிறிய 'எல்' எழுத்தையும், பெரிய 'ஐ' எழுத்தையும் தட்டினான். மூன்று குச்சிகள் நின்றன.

"இதுல ஒண்ணு எது? சொல்லு பார்ப்போம்."

அக்கா திரையில் மூக்கு ஒட்டக் குனிந்தாள். "நடுவுல இருக்கிறது" என்றாள். அது எல்.

பின்னர் விழுந்தவை எத்தனை எத்தனை! 'பல்' என்று தட்டினால் தமிழறியாது பல் போன வாய்போல் வெற்றுக் கட்டங்களைக் காட்டி மாண்டது ஒன்று. 'கொ' என்றதும் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் தெறிக்க வெட்டுண்டு சாய்ந்தது மற்றொன்று. மவுஸை இவள் பிடுங்க, அவன் மீட்க, அதன் வால் இருவர் முழங்கையிலும் சுற்ற, வெம்மை மிகுந்த அந்நேரத்தில் அரைப்புள்ளியின் வாயிலிருந்து பாய்ந்தது திரும்பப் பெறவொண்ணாத ஓர் அஸ்திரம்.

"உனக்கென்ன, பொம்மை போடுற வேலை!"

அக்கா மவுஸை மேசையில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் முதுகு காட்டி நின்றாள். எத்தனை பிழைகளைத் திருத்திய வீரன்! சொல்லிவிட்ட சொல்லை அழிக்க ஒரு விசையும் இல்லாத துயரில் அவன் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்கும் வித்தையோ அக்குடும்பத்தில் எவருக்கும் கைவந்ததில்லை. ஆகவே அவன், பூஜ்யத்தை மறந்து, ஓவையும் மறந்து, வால் அழகிய ழகரம் ஒன்றைத் தேடி எழுத்துருக் காட்டுக்குள் தன்னந்தனியே புகுந்தான். கண் எரியத் தேடினான். கண்டான்.

"அக்கா, இங்க வாயேன். ழ பாரு."

"நீ முதல்ல இதைப் பாரு" என்று அவள் போனை நீட்டினாள். "பூஜ்யத்துக்குள்ள புள்ளி வெச்சிருக்கான். உனக்காகத்தான் தேடினேன், எருமை."

இரண்டும் ஒரே எழுத்துரு! வாலும் அதிலே, புள்ளியும் அதிலே! அண்டம் குலுங்கியது, மேசை குலுங்கியது, தண்ணீர் பாட்டில் உருண்டது, சக்கர நாற்காலியில் அக்காவை அமர்த்தி, "வென்றோம்! வென்றோம்!" என்று ஆர்ப்பரித்துக்கொண்டு அறையைச் சுற்றித் தேரோட்டினான் தம்பி; வெற்றிமுரசென அழைப்புமணி ஒலித்தது.

டாக்டர் வந்தார். தம் கைப்பையிலிருந்த டேப்லெட் கணினியில் புதிய திரையைத் திறந்தார். அந்தோ! தேரோட்டிய களிப்பில், தேர்ந்த எழுத்துருவை நிரலோடு சேர்த்து அனுப்ப மறந்திருந்தான் அரைப்புள்ளி. ஆகவே அக்கருவி பிறந்தபோதே உடன்பிறந்த, எவரும் தேடாத, எவரும் ஏறிட்டும் பாராத, வெறும் சாதாரண எழுத்து அங்கே பல்லைக் காட்டி நின்றது. உடன்பிறப்புகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"அட, ரொம்ப நல்லா இருக்கே!" என்றார் டாக்டர். "பூஜ்யம் ஒல்லியா, ஓ குண்டா, தனித்தனியா தெரியுது. இந்த எழுத்தைத் தேடிப் பிடிக்கவே நிறைய மெனக்கெட்டிருப்பீங்க போல."

"ஆமா டாக்டர்" என்றனர் இருவரும், அன்று முதல்முறையாக ஒரே குரலில்.

அதையே வைத்துக்கொண்டார்கள்.