வெர்லின் ரகசியமாக வாங்கிய ராணுவத் துப்பாக்கி

அறுபத்தொன்பதாவது வயதில் வெர்லின் ஸ்கேக்ஸ் வீராவேசமாக ஒரு முடிவுக்கு வந்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு துப்பாக்கி வாங்கிவிடுவது.

மேற்கு வர்ஜீனியா மலைக்காட்டில் துப்பாக்கி வாங்குவது சட்டை வாங்குகிற மாதிரி, இதில் என்ன வீரம் என்று கேட்பீர்கள். ஒலீட்டாவோடு நாற்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

மார்ச் மாதம் அவருடைய அண்ணன் ஹார்லன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஐம்பது வருஷமாக மான் வேட்டை சீசன் முதல் நாள் அண்ணனும் தம்பியும் வீட்டுக்குப் பின்னால் காட்டில் ஒரே பாறையடியில்தான் உட்கார்வார்கள். அண்ணன் கையில் கொரியப் போர்க்காலத்து ராணுவத் துப்பாக்கி இருக்கும். அதை விற்றுவிட்டு அண்ணி புளோரிடாவுக்கு மகளிடம் போய்விட்டாள். அடக்கம் முடிந்த வாரம் சாப்பாட்டு மேசையில் வெர்லின், "அவன் போன இடத்துக்கே நானும் போய்ட்டா நிம்மதி" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டுக்கொண்டார். அதோடு மறந்தும் போனார்.

ஒலீட்டா மறக்கவில்லை. மறுநாள் காலை வீட்டிலிருந்த ஐந்து துப்பாக்கியும் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டன. வெள்ளையடிக்கணும், சாமானெல்லாம் தூசியாகும் என்று காரணம் சொன்னாள். ஏப்ரல் போச்சு, ஆகஸ்ட் போச்சு, ஒரு சுவரிலும் பிரஷ் படவில்லை. மச்சானிடம் கேட்டால், அக்கா சொன்னால்தான் தருவேன் என்கிறான். நம் மனுஷர் அப்போதும் வெள்ளையடிப்பைத்தான் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

நவம்பர் நெருங்க நெருங்க அவர் சீசனுக்கு நாள் எண்ண ஆரம்பித்தார். அண்ணன் இல்லாத பாறையடியில் வெறுங்கையோடு போய் உட்காருவதா? அந்த நேரம் பார்த்து, பழைய ராணுவச் சாமான் விற்கிற ஒருவன் இணையத்தில் ஹார்லன் வைத்திருந்த அதே ரகத்தைப் போட்டிருந்தான். அந்தப் படத்தையே வெர்லின் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி நேராக வீட்டுக்கு வந்துவிடாது. உரிமம் உள்ள கடைக்கு வரும். அங்கே போய்ப் படிவம் நிரப்பி, விசாரணை முடிந்தபின் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கடைக்காரன் ஒலீட்டாவோடு சர்ச்சில் பாடுகிறவன். அதனால் நாற்பது மைல் தள்ளி ஒரு கடையைப் பிடித்தார். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதினோரு வருஷமாக அவர் வாயில் இருப்பது முழுக்கப் பொய்ப்பல். ஒலீட்டா வாசல் வரை வந்து, "பாத்துப் போ. இருக்கிறதையும் பிடுங்கிடப் போறாரு" என்று வழியனுப்பினாள்.

கடைக்காரன் போன் நம்பர் கேட்டான். வெர்லின் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னார்.

அடுத்த வாரம் இன்னொரு பல் வைத்தியம். துப்பாக்கி வந்தது. அதன் மரக்கட்டையில் ராணுவக் கிடங்கில் பூசிய கிரீஸ் ஊறிக் கிடந்தது. அதை உருக்கி எடுக்க இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஒலீட்டா பாட்டுப் பயிற்சிக்குப் போன புதன்கிழமை, அவள் கேக் சுடுகிற அடுப்பிலேயே கட்டையைக் கழற்றி வைத்து இளஞ்சூட்டில் வாட்டினார். வழிந்ததைத் துடைத்தார். திரும்பி வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். பீட்சா சூடு பண்ணினேன் என்றார். அவள் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். துப்பாக்கி கொட்டகையில் விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று வெர்லின் நினைத்தார்.

சீசன் முதல் நாள் விடிகாலையில் தீயணைப்பு நிலையத்தில் வேட்டைக்காரர்களுக்கு அப்பமும் காபியும் கொடுப்பார்கள். அதை முடித்துக்கொண்டு பாறைக்குப் போனார். வலப்பக்கம் அண்ணன் உட்காருகிற இடத்தில் விழுந்திருந்த சருகைக் கையால் தள்ளிச் சுத்தம் செய்தார். யாருக்காகச் செய்கிறோம் என்று தோன்றியதும் கையை எடுத்துக்கொண்டார்.

ஏழரைக்கு வந்தது மான். எட்டுக் கிளைக் கொம்பு. குறி வைத்தார், விசையை இழுத்தார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். மான் அவரை ஒரு தரம் நின்று பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்று. தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார். குத்தி வெடிக்க வைக்கிற ஊசி பட்டதற்கு அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"குத்துற ஊசி எங்கிட்ட இருக்கு."

குரல் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஹார்லனின் ஆரஞ்சு நிறக் கோட்டு மெல்ல எழுந்தது. ஒரு நொடி வெர்லினுக்கு நெஞ்சே நின்றுவிட்டது. கோட்டுக்குள் இருந்தது ஒலீட்டா. அண்ணியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

"நீ அப்பம் தின்னப் போனப்பவே வந்துட்டேன். முட்டி மரத்துப்போச்சு, கையக் குடு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரப் பையன் வீட்டுக்குத்தானே போன் பண்ணான். உங்க வீட்டுக்காரர் சாமான் வந்திருக்குன்னான். நாலு அண்ணன் தம்பியோட துப்பாக்கியைத் துடைச்சு வளர்ந்தவ நான். விறகுக்குப் பின்னால தேடி ஊசியை உருவ எவ்வளவு நேரம் ஆகும்?"

"துப்பாக்கியையே எடுத்திருக்கலாமே."

"எடுத்தா நீ இன்னொண்ணு வாங்குவே. அதுக்கு எந்த நம்பரக் குடுப்பியோ." அவள் குரல் இறங்கியது. "பீன்ஸ் போட்டுக்கிட்டே அன்னிக்கு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

வெர்லினுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளையடிக்காத சுவர்களும் அப்போதுதான் புரிந்தன. எட்டு மாதமாக அவள் ஒருத்தியே இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"சும்மா வாயில வந்தது, ஒலீட்டா. நான் அப்படியெல்லாம் பண்ண மாட்டேன்."

"மாட்டேதான். ஆனா எனக்குத் தூக்கம் வரணுமில்ல."

அவள் ஹார்லன் இடத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினாள். அடக்கத்தன்று வராத அழுகை வெர்லினுக்கு இப்போது வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தடுக்கவில்லை, முதுகில் கை வைத்தபடி இருந்தாள். காபி ஆறிப்போனது.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஊசியை எப்பத் தருவே?"

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிச்சதும்."

"எப்ப அடிக்கப் போறே?"

"அடிக்கப் போறது நீ," என்றாள். "முதல்ல போய் அந்த அடுப்பைத் தேய். பீட்சா நாத்தம் இன்னும் போகல."