மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

"மறுபடியும் அணைஞ்சிடுச்சு," என்றார் மாமனார், தூக்குத் தண்டனையை உறுதி செய்கிறவர் போல.

மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் மண்டியிட்டிருந்தார். வெளியே வந்தால் மாமனாரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அதனால் அங்கேயே இருந்தார்.

பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. திரையில் கம்பெனியின் சின்னம் மெல்ல எழுகிறது. முழுசாக எழுவதற்குள் பட்டென்று எல்லாம் போய்விடுகிறது.

மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. நீதிமன்றத்துக்குத்தான் ஓய்வு கிடைத்தது, வீட்டுக்குக் கிடைக்கவில்லை. 'நீதிக்கு நான் செய்த உதவி' என்ற அவருடைய சுயசரிதை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நகல் கிடையாது. எடுத்தால் யாராவது திருடித் தன் பெயரில் அச்சடித்துக்கொள்வார்களாம். அன்று சாயங்காலம் உறவினர்களைக் கூட்டி, அவர் அதை வாசிப்பதாக ஏற்பாடு.

"காரணம் என்ன?"

"பார்த்துட்டிருக்கேன் மாமா."

"அது பதில் இல்லை. தெரியுமா, தெரியாதா?"

"சூடா இருக்கலாம்..."

"இருக்கலாம்னா?"

"சூடுதான் மாமா."

பெண் பார்க்க வந்தபோது, 'எங்கே வேலை?' என்று கேட்டார்கள். 'கம்ப்யூட்டர் கம்பெனியில்' என்றார். அது சத்தியம். அங்கே அவர் நாற்காலி வாங்கிப் போடுகிறார், ஒழுகும் குழாயை மாற்ற ஆள் பிடிக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. மாமனார் தாமாகவே அவரைப் பெரிய கம்ப்யூட்டர் நிபுணர் என்று தீர்ப்பளித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அப்பீலுக்குப் போகவில்லை.

இன்றைக்கு உண்மை தெரிந்தால்? பொய் சாட்சி சொன்ன ஒருவனைத் தாம் எப்படிக் கதறவிட்டார் என்பதை மாமனார் சாப்பாட்டு மேஜையில் அடிக்கடி சொல்வதுண்டு. சொல்லும்போது கண்ணில் தனி வெளிச்சம் வரும்.

முதலில் ஒயரை வேறு பிளக் பாயிண்ட்டில் செருகினார். சின்னம் பாதி எழுந்து அணைந்தது.

பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பலம் கொண்ட மட்டும் ஊதினார். தூசி கிளம்பி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நீதிபதியின் மூக்குக்குள் நேராகப் போயிற்று. அவர் தும்மி முடிக்கும் வரை மாப்பிள்ளை மூச்சுவிடவில்லை. இப்போது சின்னமே வரவில்லை.

ஆபீசில் ஒருவர் மெமரி அட்டையைப் பிடுங்கி ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்த ஞாபகம். பிடுங்கினார், தேய்த்தார், செருகினார். பெட்டி வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது.

"என்ன சொல்லுது?"

"தயாராகுதுன்னு சொல்லுது மாமா."

"வலியில கத்துற மாதிரி இருக்கு."

சத்தத்தை நிறுத்தப் பெட்டிக்குள் கையை விட்டார். விசிறி, அதன் அடியிலிருந்த உலோகக் கட்டையோடு, பிடுங்கிய பல் மாதிரி கையோடு வந்தது. ஒரு திருகாணி உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று.

"அது உள்ளே இருக்க வேண்டியதுதானே?"

"வெளியே வச்சா காத்தோட்டமா இருக்கும் மாமா," என்றார் மாப்பிள்ளை. தன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது.

கை கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டார். குழாயைத் திறந்துவிட்டு, ஆபீஸ் மெக்கானிக்குக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கிசுகிசுத்தார்.

"சார், ஹார்டு டிஸ்க்கை மட்டும் தொட்டுடாதீங்க. எழுதினது எல்லாம் அதுலதான் இருக்கும்."

"அது எப்படிப்பா இருக்கும்?"

"சார், ரெண்டு கையையும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு அந்த ரூமை விட்டு வெளியே வந்துடுங்க."

மாப்பிள்ளை வெளியே வந்தார். கூடத்தில் மாமனார் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் தமக்கு ஒரு மேஜை, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். இனி மறைக்க முடியாது. அவரிடம் நேரில் சொல்லத் தைரியமும் கிடையாது. சமையலறைக்குள் நுழைந்தார்.

மாமியார் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்கதான் மாமாகிட்ட எடுத்துச் சொல்லணும். எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் அங்க நாற்காலி வாங்கிப் போடுறவன். இருந்ததையும் கெடுத்து வச்சிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் மாப்பிள்ளை. போன தடவை வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டோம். பாவி, நிமிஷத்துல சரி பண்ணிட்டான், நாங்க எல்லாரும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டோம். அதனாலதான் இந்தத் தடவை உங்களையே கூப்பிடச் சொன்னேன்."