இரண்டே அசையில் ஒரு பிள்ளை

பிறந்து நாலு நாளான மகனுக்கு இரண்டே அசையில் பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், பிறப்புப் பதிவு குமாஸ்தா வேடியப்பன் முன்னால் போய் நின்றார் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரம் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். அப்பா ஆசையாக வைத்த பெயரை ஊர் ‘பஞ்சு’ ஆக்கிவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து “பஞ்சு” என்று குரல் வரும். திரும்பிப் பார்த்தால் நாற்பது பையன்களும் பவ்யமாக இமயமலை வரைந்துகொண்டிருப்பார்கள். தன் உடம்பும் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரியும். மகனுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. வெட்டுவதற்கு இடமே இல்லாத பெயராக வேண்டும்.

அதற்காகச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்த ஹாலந்துக்காரர் வில்லெமைப் பிடித்தார். கப்பலில் உலகம் சுற்றிய அவர், பல தேசத்துச் சின்னப் பெயர்களை அர்த்தத்தோடு சொன்னார். அவரையே ஊர் ‘வில்லெம்சாமியார்’ என்று நீட்டி வைத்திருந்ததைப் பஞ்சாட்சரம் யோசிக்கவில்லை.

பஞ்சாட்சரம் எழுதிக் கொடுத்த முதல் சீட்டில் லியோ என்று இருந்தது. சிங்கம் என்று அர்த்தம். வேடியப்பன் தலை நிமிராமல் பதிந்துகொண்டார்.

பஞ்சாட்சரத்தின் அப்பா அண்ணாமலையார் கோயில் குருக்கள். விஷயம் தெரிந்ததும் விபூதி சம்புடத்தை ஓசைப்பட மூடினார்.

“சிங்கம்னா நரசிம்மர்தானே? சிவன் கோயில் குருக்கள் ஆத்துல அவர் எதுக்குடா?”

மறுநாள் பெயரை மாற்றக் கேட்டபோது, வேடியப்பன் பேனாவை மூடி வைத்தார்.

“ரிஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாதுங்க சார். புதுசா சீட்டு எழுதிக் குடுங்க, பதிஞ்சிக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தார். நோவா. ஓய்வு என்று அர்த்தம்.

“இந்த ஆத்துல ஓய்வுக்கு நீங்க ஒருத்தர் போறாதா?” என்றாள் மனைவி மங்களாம்பிகை. பஞ்சாட்சரம் ஈசிசேரிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது சீட்டு ஜப்பான் பெயர், கென்ஜி. இந்தத் தடவை வேடியப்பன் எழுந்து நின்று கைகுலுக்கினார். பெயரின் அழகுக்காக என்று நினைத்துப் பஞ்சாட்சரம் பூரித்துப்போனார்.

பால் ஊற்றும் பாஞ்சாலை வாசலில் அர்த்தம் கேட்டாள். திடமான இரண்டாவது பிள்ளை என்று வில்லெம் சொல்லியிருந்தார். ‘திடமான’ என்பதில் மயங்கி மீதியைப் பற்றி இவர் யோசிக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டார்.

“அப்ப மொதப் புள்ள எங்க சாமி?”

சாயங்காலத்துக்குள், வாத்தியாருக்குச் செங்கத்தில் ஒரு பழைய குடும்பம் இருப்பதாகத் தெருவில் பேச்சு வந்துவிட்டது. மங்களாம்பிகை இரண்டு நாள் பேசவில்லை. ரசத்தைக்கூடத் தூர வைத்துவிட்டுப் போனாள். அவருக்கு அழுகையே வந்தது.

பஞ்சாட்சரம் சரணடைந்தார். பதினோராம் நாள் குழந்தையின் காதில் தாத்தாவின் பெயரையே ஓதினார்கள். சாம்பமூர்த்தி. நாலாவது சீட்டை வாங்கிக்கொண்ட வேடியப்பன், பிள்ளை பெற்ற அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கவலையாக விசாரித்தார். சௌக்கியம் என்றதும், “தைரியசாலிங்க” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பாயசம் ஆறுவதற்குள் தெரு குழந்தையை ‘சாம்பு’ ஆக்கியது. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் மங்களாம்பிகை ‘அம்பி’ என்றாள். இரண்டுமே இரண்டு அசைதான். உலகத்தைச் சுற்றி வந்து சொந்த வாசற்படியில் தடுக்கி விழுவது பூகோள வாத்தியார் செய்யக்கூடிய காரியம்தான் என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மனைவி பேச ஆரம்பித்திருந்தாள். அது போதும் என்றிருந்தது.

மூன்று மாதம் கழித்து, அம்மை குத்தும் முருகையன் பையும் பிறப்புப் பட்டியலுமாக வந்தார். சாம்பு வீறிட்டு அழுது ஓய்ந்தான். மங்களாம்பிகை அவனை உள்ளே தூக்கிப் போனாள். முருகையன் ஊசியைத் துடைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“கடைசிப் புள்ளைக்கு ஆச்சு. லியோ, நோவா, கென்ஜி மூணு பேரையும் வரிசையா அழைச்சிக்கிட்டு வாங்க சார்.”