நின்றுகொண்டே நிறைவு

ஞானம் தேடி மனிதர்கள் காட்டுக்கும் மலைக்கும் அலைந்த காலம் முடிந்துவிட்டது. இப்போது அது ஓசூரிலிருந்து பேரிகை போகும் சாலையில், வண்டிகளுக்கு வயர் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையில், ஷிப்டுக்கு அறுபத்திரண்டு பேர் வீதம் உற்பத்தியாகிறது. கழிவு பூஜ்யம். மறுவேலை பூஜ்யம். காட்டில் இருந்தவர்கள் இந்த வேகத்தை எட்டியதாகத் தகவல் இல்லை.

இந்த மகத்தான உற்பத்தியில் மேகலாவுக்கும் சிறு பங்கு உண்டு. ஆறு வருடமாக அங்கே கான்ட்ராக்டில் வேலை. ஆளுயரப் பலகையின் முன்னால் நின்று, ஆணிக்கு ஆணி வயரை இழுத்து டேப் சுற்ற வேண்டும். எட்டு மணி நேரம். இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். சாயங்காலம் செருப்புக்குள் நுழைய மறுத்த பாதங்களைப் பார்த்த அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்ததால் அதை இரண்டு தடவை சொன்னார்.

ஆக, மேகலாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஸ்டூல்.

ஸ்டூல்கள் இல்லாமல் இல்லை. பலகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இருந்தன. வேண்டாததை ஒழித்து இடத்தை ஒழுங்குபடுத்தும் 'ஐந்து எஸ்' வாரம் வந்தபோது அவற்றுக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் சிவப்பு அட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. வேண்டாத பொருளில் அதைக் கட்டி, மஞ்சள் கோடு போட்ட மூலையில் முப்பது நாள் வைப்பார்கள். அதற்குள் 'இது எனக்கு வேண்டும்' என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பொருள் திரும்பி வரும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும். பெண்கள் இரண்டாம் நாளே கேட்டார்கள். ஆனால் எழுதிக் கொடுக்கும் உரிமை கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான். கான்ட்ராக்ட் ஆட்களின் கையெழுத்துக்குப் பேனா செலவு தவிர வேறு மதிப்பு கிடையாது.

இந்த நேரத்தில்தான் மனிதவள மேலாளர் ராஜசேகர் பெங்களூரில் இரண்டு நாள் முகாமுக்குப் போய்விட்டு, முகம் பளபளக்கத் திரும்பினார். தொழிலாளர்களின் துன்பத்துக்குக் காரணம் ஸ்டூல் இல்லாதது அல்ல, ஸ்டூல் வேண்டும் என்று நினைப்பதே என்பதை அங்கே அவர் கண்டுபிடித்திருந்தார். கையோடு மாதவன் என்ற 'மனநிறைவு ஆலோசகரையும்' அழைத்து வந்தார். மாதவன் உட்காராமல் தியானம் செய்ய மாட்டார் என்பதால் ரிசப்ஷனிலிருந்து சோபா வந்தது. பெண்கள் நின்றபடி கேட்டார்கள். அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்து எழுந்தால் ஆறு நிமிட உற்பத்தி போகும் என்று ஒரு கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது.

ஆசை என்பது மனதில் கிடக்கும் தேவையற்ற சரக்கு என்றார் மாதவன். தரையைச் சுத்தம் செய்ததுபோல மனதையும் செய்துவிடலாம். ஆளுக்கொரு சிவப்பு அட்டை தருவார்கள். தன் ஆசையை அதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் மாட்ட வேண்டும். முப்பது நாளில் நிறைவு நிச்சயம்.

மேகலா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே முப்பது நாள், கையெழுத்துப் போட அதே கட்டம். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கம்பெனி அவளிடம் 'என்ன வேண்டும், எழுது' என்று கேட்கிறது. பக்கத்தில் நின்ற, ஜூஜுவாடியிலிருந்து வேலைக்கு வரும் கெம்பம்மாவின் கண்ணும் அதே கட்டத்தில்தான் இருந்தது.

"எழுதுமே," என்றாள் கெம்பம்மா மெதுவாக. "கையெழுத்து வாங்கிக்கினா குடுத்துத்தான ஆவணும். அவங்க போட்ட சட்டம்தான."

விஷயம் வரிசை வரிசையாகப் போயிற்று. வேறு ஏதேதோ ஆசைகளை எழுத நினைத்திருந்தவர்கள்கூட அவற்றை அடித்துவிட்டார்கள். நாற்பத்தொரு அட்டைகளில் ஸ்டூல். மேகலா, 'உட்கார ஒரு ஸ்டூல், டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்று முத்து முத்தாக எழுதி, வயிற்றுப் பிள்ளைக்கும் ஓர் அட்டை கேட்டாள். அடையாள எண் இல்லாதவர்களுக்கு ஆசை அனுமதிக்கப்படுவதில்லை என்று ராஜசேகர் கனிவாக மறுத்தார்.

முப்பது நாளும் மேகலா நாள் எண்ணினாள். மின்விசிறிக் காற்றில் நாற்பத்தொரு ஸ்டூல்களும் பலகையில் படபடவென்று ஆடின. கண்ணை மூடினால் அவை நாலு காலும் முளைத்து இறங்கி வரும்போல் இருக்கும். கண்ணை மூடியதற்கு சூப்பர்வைசர் ஒரு குறிப்பு எழுதினார்.

முப்பத்தொன்றாம் நாள் வேன் வந்தது. பழைய இரும்பு வேன். பன்னிரண்டு ஸ்டூல்களும் ஏறின. அட்டைகளையும் ஒரு சாக்கில் கட்டி ஏற்றினார்கள். மேகலா ராஜசேகரின் அறைக்கு ஓடினாள்.

"சார், நாங்க வேணும்னுதான எழுதிக் குடுத்தோம்."

"வேணும்னு எழுதினாத்தான் அது ஆசைம்மா. அதை விட்டாச்சு. இப்ப எதுக்குத் திரும்பப் புடிக்கறீங்க?"

"எனக்குள்ள இருக்கறது ஆசை இல்லீங்க சார். ஆறு மாசம்."

ராஜசேகர் அவளிடம் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். 'ஸ்டூல் தேவை: பூஜ்யம். ஆதாரம்: தொழிலாளர்கள் தாமாக முன்வந்து கையெழுத்திட்டுத் துறந்தது.' தலைமை அலுவலகம் பாராட்டி எழுதியிருந்தது. இத்தனை பேர் ஒரே ஆசையை ஒரே நாளில் விட்டதற்கு முன்னுதாரணமே கிடையாது என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு அல்ல. அதுதான் கொடுமை.

பாராட்டு விழா அடுத்த வெள்ளிக்கிழமை. எம்.டி. பெங்களூரிலிருந்து வந்து விருது கொடுத்து, எல்லோருடனும் போட்டோ எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கேட் பக்கத்துப் புல்வெளியில், வெள்ளைத் துணி போர்த்திய பதினோரு நாற்காலிகள். அவற்றின் பின்னால் நிறைவடைந்த பெண்கள் மூன்று வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். எம்.டி.யின் கார் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டது. மேலாளர்கள் ஒன்பது பேரும் மாதவனும் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது. வெயில் எல்லோருக்கும் பொதுவாக அடித்தது.

முக்கால் மணி நேரம் ஆனபோது மேகலாவின் அடிவயிறு கல்லாக இறுகியது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. கண் இருட்டியது. கெம்பம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"கூத்கோ, கூத்கோ. மொதல்ல உக்காருமே."

மேகலா வரிசையை விலக்கி முன்னால் வந்தாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மோர் டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. ராஜசேகர் பக்கத்து நாற்காலியிலிருந்து சாய்ந்து, போட்டோக்காரருக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"மேகலா, அது எம்.டி. சீட்டும்மா."

"தெரியுங்க சார்."

"ஆசைய விடணும்னு ஒரு மாசமா சொல்லிக் குடுத்தோமே."

"சொன்னீங்க சார். யாரும் செஞ்சு காட்டலீங்களே. நீங்க ஒரு தடவ எந்திரிச்சுக் காட்டுங்க. பாத்துக் கத்துக்கறேன்."

ராஜசேகர் எழவில்லை. நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று மட்டும், மிகுந்த நிதானத்தோடு சொன்னார்.

"சரிங்க சார். இப்ப எந்திரிக்க முடியாது. வயித்த இழுத்துப் புடிக்குது."

கார் உள்ளே வந்தது. எம்.டி. இறங்கி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாற்காலி வரிசையைப் பார்த்தார். அவருக்கு இடம் இல்லை. யாராவது ஒருத்தர் எழுந்தால் சரியாகிவிடும் என்றார் போட்டோக்காரர். உற்பத்தி மேலாளர் குனிந்து தன் ஷூ கயிற்றை ஆராய்ந்தார். தர மேலாளர் வானத்தைப் பார்த்தார். மாதவன் கண்களை மூடி ஆழ்ந்த தியானத்துக்குள் போனார், சோபாவில் போவதைவிட வேகமாக.

மேகலா இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. உள்ளே ஒரு சின்ன உதை.

பத்து நாற்காலிகளில் ஒன்றை விட ஒரே ஒருவர் போதும். ஒருவராலும் முடியவில்லை. ஆசையைத் துறப்பது அவ்வளவு கடினமான வேலை. கடினமான மற்ற வேலைகளைப் போல அதையும் கம்பெனி கான்ட்ராக்டுக்கு விட்டிருந்ததில் என்ன ஆச்சரியம்?