வெள்ளித் தூளும் தண்ணீர்ப் பேனும்

செலண்டார்,
14.7.1996

கட்டையா,

அக்கா மலர்க்கொடி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை. மோட்டார் சைக்கிளில் போனவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகிவிட்டது, அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன்.

உன் சண்டை மீன்களைக் கூட்டாளிகள் ஆளுக்கு ஒரு போத்தலாக எடுத்துக்கொண்டார்கள். அதுகளுக்குத் தீனியாக நீ நீல டிரம்மில் வளர்த்த தண்ணீர்ப் பேனை, அந்தத் துள்ளுகிற பொடிப்பூச்சியை, மட்டும் எவனும் கேட்கவில்லை. உன் கை பட்டதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்று நான் வைத்துக்கொண்டேன். "மத்தவங்க பேன் போக எண்ணெய் தேடுறாங்க, நீ டிரம்ல வளக்குறியேடி" என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மா சிரித்தாள். சிரிக்கட்டும்.

போன மாதம் புக்கிட் பெருவாங்கிலிருந்து புவனேஸ்வரன் என்று ஒருவன் டை கட்டிக்கொண்டு தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தான். "உள்ள வெள்ளித் தூள் இருக்குக்கா. மாவை விடப் பொடிசு, கண்ணுக்கே தெரியாது. கிருமி ஒன்னும் தப்பாது லா" என்றான். உனக்கு நல்ல தண்ணீர் வைக்கலாமே என்று வாங்கிவிட்டேன். தினமும் உன் படத்துக்கு முன்னால் ஒரு செம்பு வைப்பேன், படைத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாதே என்று காலையில் அதை டிரம்மில் ஊற்றுவேன், கொஞ்ச நாளில் பேனெல்லாம் துள்ளாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, வெயிலோ என்று டிரம்மை நிழலுக்கு இழுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்த கையோடு தண்ணீரைத் தொட்டுவிட்டேனோ என்று வேறு பயம். மிச்சம் இருந்ததை இரண்டு ஜாம் போத்தலில் பிரித்து விட்டேன். மழைத்தண்ணீரில் விட்டது துள்ளியது, ஃபில்டர் தண்ணீரில் விட்டது விடிவதற்குள் செத்தது. துள்ளிய போத்தலைப் பூனை தட்டிவிட்டது.

புவனேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லா வேலை செய்யுதுக்கா" என்றான்.

"கிருமி எது, என் தம்பி வளத்தது எதுன்னு உன் மெஷினுக்குத் தெரியாதாடா?"

"அதுக்குத் தெரியாதுக்கா. ஆனா மனுஷருக்கு ஒன்னும் ஆகாது."

உனக்கும் அதைத்தான் வைத்தேன். உனக்கு இனிமேல் ஆக என்ன இருக்கிறது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டேன். டிரம்மைக் கவிழ்த்துக் கழுவ மனம் வரவில்லை, தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டு அடிச்சேற்றோடு மழைக்கு விட்டேன். உன்னுடையது என்று இந்த வீட்டில் உயிரோடு இனி ஒன்றும் இல்லை. படையலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான், கோபித்துக்கொள்ளாதே. போன இடத்தில் சாமி உன்னைப் பசி தெரியாமல் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா

பி.கு.: மேலே உள்ளதை எழுதியது நேற்று இரவு. இன்று காலை டிரம்மில் பொடிப்பொடியாக என்னமோ துள்ளுகிறது. பேன்தான். நான் எதையும் விடவில்லை. சேற்றில் முட்டை கிடந்திருக்கும் என்கிறாள் சுப்பம்மா. இருக்கும். இத்தனூண்டு பூச்சிக்குத் திரும்பி வரத் தெரியுது, உனக்கு ஏன்டா தெரியல கட்டையா?