ஐம்பத்தைந்து நிமிடம் தொடர்பாக

அன்பு மாப்பிள்ளை ரூபனுக்கு,

ஆட்டையாம்பட்டியிலிருந்து மாமனார் ராயப்பன், ஆண்டவர் பெயரால் எழுதுவது. நான் நலம். நீங்களும் ஜெனிட்டாவும் பேரனும், அங்கேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரி மரியபுஷ்பமும் நலமாயிருக்க அந்தோணியாரை மன்றாடுகிறேன்.

சென்ற ஞாயிறு பேரனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய நான் வராததும், கடைசி நேரத்தில் உங்கள் அண்ணன் அந்த இடத்தில் நின்றதும் பற்றி உறவில் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சேலத்திலிருந்து சென்னைக்கு ரோட்டில் முன்னூற்று நாற்பது கிலோமீட்டர். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் டிக்கெட்டோடு அனுப்பிய தகவலில் இருநூற்று எழுபத்தைந்து என்றும், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் என்றும் இருந்தது. மீதி அறுபத்தைந்து எங்கே போயிற்று என்று விமான நிலையத்தில் வேலை செய்யும் மதுமதி என்ற பெண்ணிடம் கேட்டேன். "மேல வளைவு இல்லீங்கய்யா" என்றது. சரி, வளைவு இல்லை, டோல்கேட் இல்லை, உளுந்தூர்ப்பேட்டையில் டீ இல்லை, ஒத்துக்கொண்டேன். பையில் ஞானஸ்நான மெழுகுவர்த்தியோடு வைத்திருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்கள், அதையும் பொறுத்தேன். ஆனா மாப்பிள்ளை, வண்டியைச் சுத்தி வந்து டயரைத் தட்டிப் பாக்காம நான் இதுவரைக்கும் ஏறினதில்லை. தட்டினா சத்தமே சொல்லிரும். அந்தப் பொண்ணு, "பைலட் பாத்துட்டாருங்கய்யா"ங்குது. "பாத்தாரா, தட்டினாரா?"ன்னேன். மரியபுஷ்பம் விமானத்துப் படியில நின்னுக்கிட்டு, "ஏனுங்க, அம்பத்தஞ்சு நிமிஷந்தானுங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒக்காருங்க"ன்னா. நாப்பது வருஷம் கண்ணை மூடாம இருந்ததாலதான் இன்னைக்கு உசுரோட இருக்கேன்னு சொன்னேன். அவ உள்ள போயிட்டா. கதவைச் சாத்திட்டாங்க.

அப்புறம் பஸ்ஸைப் பிடிச்சேன். பன்னெண்டு மணிக்குச் சென்னையில கோயில்ல நிக்கணும். பன்னெண்டு அடிக்கிறப்ப, சேலத்தை ஒட்டியிருக்கிற அயோத்தியாப்பட்டணம் கூடத் தாண்டலை. இறங்கி ரோட்டோரமா நின்னு, பையன் தலையில தண்ணி ஊத்துற நேரத்துக்கு இங்கேருந்தே ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். மெழுகுவர்த்தி கையில இருந்தது, பத்த வைக்கத் தீப்பெட்டி இல்லை. அழுதுட்டேன் மாப்பிள்ளை.

ஆகவே குற்றம் டயர் விஷயத்தில் விமானக்காரர்கள் வைத்திருக்கும் பழக்கத்தைச் சேர்ந்தது, என்னைச் சேர்ந்ததல்ல என்பதை உங்கள் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டவும். பேரன் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை வரையவும்.

இப்படிக்கு,
ராயப்பன்

பி.கு.: இப்போதுதான் மரியபுஷ்பம் போன் செய்து, "நீங்களே எழுதிப்போடுறீங்களா, நான் சொல்லிப்போடட்டுங்களா?" என்றாள். நானே எழுதுகிறேன். பைலட்டே இறங்கி வந்து என் கண் முன்னால் டயரைக் காலால் தட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது. எனக்குத்தான் படியில் கால் எழவில்லை. பயம். வேறொன்றுமில்லை. பையன் வளந்தப்புறம் கோயில்ல குடுக்கிற உறுதிபூசுதலுக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேணுமில்லீங்களா, அதுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்குது. அதுக்கு என்னையே போடுங்க மாப்பிள்ளை. தேதியை மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, ரோட்டுலயே வாரேன்.