எண்டர் சார் படிக்காமல் அமுக்கிய நாள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள். ஆனால் ஒரு பொத்தானை அமுக்குவதற்கு எங்கள் எண்டர் சார் அளவுக்கு யோசித்தவர் உலகத்திலேயே கிடையாது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

அது இரும்புக் கம்பி செய்கிற கம்பெனி. நான் பெருக்கித் துடைக்கிற வேலை. ஆர்டரெல்லாம் கம்பெனி வெப்சைட்டில்தான் வரும். அந்த வெப்சைட் குடியிருக்கிற சர்வர், கண்ணாடி அறையில் ஏ.சி. போட்டுக்கொண்டு இருக்கும். வெளியே தன் மேசையிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்வது எண்டர் சார். சோழவரத்திலிருந்து வண்டியில் வருவார். யாரோடும் பேச மாட்டார். அவர் திரையில் படம் கிடையாது, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்தான். லினக்ஸ் என்பார்கள்.

ஒரு வரி அடிப்பார். உடனே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, அடித்ததை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். எதிரில் ஓர் ஆள் நின்று கேட்க வேண்டும். பிறகுதான் எண்டர். அவர் ஆள் தேடினாலே ஆபீசே ஓடி ஒளியும். மாட்டிக்கொண்டது நான். முதல் நாள் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து, மாப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றேன்.

"எனுக்கு இன்னா சார் தெரியும்? என்னியப் போயி நிக்க வெக்கிறீங்க!"

"தெரிஞ்சவங்க கேக்காமயே சரின்னுடுவாங்க ஆயாம்மா. உங்க மூஞ்சியப் பாத்துப் படிச்சாத்தான் என் தப்பு எனக்கே கேக்கும்."

"இன்னா ஆயாம்மா, இன்னிக்குப் பாடம் ஒப்பிச்சாரா? பாஸா, பெயிலா?" என்று டெஸ்பாட்ச் குமுதா சிரிப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள், வெளியாள் யாரோ சர்வருக்குள் நுழையப் பார்க்கிறான் என்று மேனேஜர் அவர் தலைமேல் வந்து நின்றார். சர்வருக்கு நம்பர் போட்ட கதவுகள் உண்டாம். வாடிக்கைக்காரர் வருகிற கதவையும், எண்டர் சார் தன் மேசையிலிருந்து உள்ளே போகிற கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, பிறகுதான் மற்றதை அடைக்க வேண்டுமாம். நான் கண்ணாடி அறையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் மாற்றப் போயிருந்தேன்.

"சீக்கிரம் சார்! யார்கிட்ட படிச்சிக் காட்டப் போறீங்க?" என்றிருக்கிறார் மேனேஜர். இவர் படிக்காமல் அமுக்கிவிட்டார். எல்லாக் கதவும் மூடிக்கொண்டது, அவருடைய கதவு உட்பட. வெப்சைட் செத்தது.

நான் வாளியோடு வந்தபோது, மேனேஜர் ஈரத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? இந்தம்மா மாப்பு போடசொல்ல ஒயர இஸ்துட்டாங்க. காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி நாளிக்கே வேற ஆளப் போடுங்க."

என் மகன் கால் உடைந்து படுத்திருந்த நேரம். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

எண்டர் சார் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சர்வரிலேயே செருகிக் கதவுகளைத் திறந்தார். வெப்சைட் வந்துவிட்டது. வெளியே வந்து, "ஒயர் போட்டது போட்டபடி இருக்கு. தப்பு என்னுது" என்றார்.

மேனேஜர் அவரை ஓரமாக இழுத்தார். "கம்முனு இருங்க சார். ஹெட் ஆபீசுக்கு ஒயர்னு சொல்லியாச்சு. இந்த ஆயாம்மா போனா இன்னொரு ஆயாம்மா. உங்க பிரமோஷன் லெட்டர் என் டேபிள் மேல கீது."

யார் எத்தனை மணிக்கு என்ன கட்டளை போட்டார்கள் என்று சர்வரே எழுதி வைத்துக்கொள்ளுமாம். நினைத்திருந்தால் அந்த வரியை அவர் அழித்திருக்கலாம். அவர் அதைக் காகிதத்தில் எடுத்து, ஆபீசையே கூப்பிட்டு நிற்க வைத்தார். மணி, நிமிஷம், தன் பெயர், கட்டளை என்று ஒரு புள்ளி விடாமல் படித்தார்.

"போதும் சார், நம்பிட்டோம்!" என்றாள் குமுதா.

"இரும்மா, இன்னும் ரெண்டு கோடு இருக்கு."

அந்தக் காகிதம் ஹெட் ஆபீசுக்கும் போனது. என் வேலை தப்பியது. அவருடைய பதவி உயர்வு வரவே இல்லை. மேனேஜர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். எண்டர் சார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மறுவருஷம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். 'நல்லா இருங்க சார்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த ஊரில் எந்தச் சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ, வேளைக்குச் சாப்பிட்டால் சரி.